குடல்வாலுக்கு ஜெபித்த சபை

1

சனிக்கிழமை சாயங்காலமானால் என் மகள் பிளெஸ்ஸி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தமிழ் பேசுகிறாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இதில் என்ன செய்தி என்று தோன்றும். டெல்லியில் பிள்ளை வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த நாளிலிருந்து நானும் அவள் அம்மா கிரேஸும் அவளிடம் தமிழில் கேட்டோம். அவள் இந்தியில் பதில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்கு வா என்றால், "தோ கண்டே கா பிரசங்கம், பாப்பா!" என்று இரண்டு மணி நேரப் பிரசங்கத்துக்குப் பயந்து போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். தமிழ் எழுத்து அவளுக்குப் படம் மாதிரி. கிரேஸ் புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னவர் டெல்லிக்கு வந்து பார்க்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை இன்னொரு விசேஷமும் இருந்தது. பிளெஸ்ஸியின் வயிற்றில் ஆபரேஷன் நடந்து ஒரு வருடம் ஆகிறது. கிரேஸ் கேசரி கிண்டினாள்.

"என்னம்மா இது, குடலுக்கு பர்த்டேயா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கரண்டி சாப்பிட்டாள் பிளெஸ்ஸி. பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள், போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் கேசரித் தட்டோடு அந்தப் பக்கமாகவே உட்கார்ந்துகொண்டேன். ஒட்டுக்கேட்பது பாவம்தான். ஆனால் இருபத்தைந்து வருடம் காத்திருந்து கிடைத்த தமிழ், எப்படி விடுவது?

அவள் பேச ஆரம்பித்த கதையைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

2

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். மத்திய அரசுப் பரீட்சை எழுதி குமாஸ்தாவாக இங்கே வந்தேன். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பாதி ஆயுள் போயிற்று. அதை இடிக்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்றார்கள். இப்போது முனிர்காவில் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டிய சமையலறை.

பிளெஸ்ஸி காலேஜில் படிக்கும்போது வயிற்றுவலி ஆரம்பித்தது. சரோஜினி மார்க்கெட் கோல்கப்பாவைத் திட்டினோம், ஊரில் பானிபூரி என்பீர்கள். பிறகு பேதி, காய்ச்சல், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமை. கோல்கப்பாவை நிறுத்தியும் நிற்கவில்லை. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் க்ரோன்ஸ் என்று பெயர் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுக்காரனைப் போட்டு அடிக்கிற நோய் என்று விளக்கினார். குடல் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம்.

முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பியது, கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். பிறகு வேறு மாத்திரைகள். கடைசியில் வந்தது பயாலஜிக் என்கிற ஊசி மருந்து. தடித்த பேனா மாதிரி இருக்கும். தொடையில் வைத்து அழுத்தினால் தானே இறங்கும். அந்தக் காவல்காரனின் கையைக் கட்டிப் போடுகிற மருந்து. வீட்டில் எங்கள் ஃப்ரிஜ்ஜின் நடுத்தட்டு அதற்கென்று ஆனது. மேலே வைத்தால் உறைந்துவிடும், கதவில் வைத்தால் குளிர் போதாது. தோசை மாவு கீழே இறங்கிவிட்டது, மீன் குழம்பை ஃப்ரிஜ்ஜில் வைக்கவே தடை. ஜூன் மாதம் கரண்ட் போனால் நாங்கள் வியர்த்து ஒழுகுவோம், இன்வர்ட்டர் ஃப்ரிஜ்ஜுக்கு மட்டும் ஓடும்.

ஆபீஸ் சலுகையில் மருந்து வாங்குகிறவன் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பெட்டி. ஒரு முறை வேலைக்காரம்மா பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டாள். கவுண்டரில் இருந்தவர், "காலி டிப்பா கஹான் ஹை?" என்று கேட்டார். ஊசி என் மகள் உடம்பில் இருக்கிறது என்றேன். "வோ தோ டீக் ஹை, டிப்பா?" என்றார். அது சரி, பெட்டி எங்கே என்கிறார். மகளைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாலும் அவருக்குப் பெட்டிதான் வேண்டும்.

ஊசி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சிறுகுடல் முடிகிற இடத்தில் பழைய புண்கள் ஆறி ஆறித் தழும்பாகி வழி சுருங்கிவிட்டது. தழும்பை எந்த ஊசியும் கரைக்காது, அந்தத் துண்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். "அப்படியானால் இத்தனை ஊசி எதற்கு?" என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் கோபப்படவில்லை. எரிகிற வீட்டில் சுவரை இடிக்கக்கூடாது, முதலில் தீயை அணைத்தால்தான் எந்தச் சுவர் நிற்கும், எது நிற்காது என்று தெரியும் என்றார். புண் அடங்கியிருந்தால் வெட்டுகிற நீளம் குறையும், ஸ்டீராய்டையும் முன்கூட்டியே நிறுத்திவிடலாம்.

ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒரே பேச்சு இல்லை. ஒருவர் ஊசியின் வேகம் இருக்கும்போது வெட்டினால் கிருமி தொற்றலாம் என்றார். இன்னொருவர் ஊசியைவிட மெலிந்த உடம்புதான் ஆபத்து, பிள்ளையைத் தேற்றுங்கள் என்றார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தேதி குறித்தார்கள். கடைசி ஊசி போட்டுச் சில வாரம் கழித்து, அடுத்த ஊசிக்கு முன்னால். அதுவரை சத்துமாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். அந்தத் தேதி தவறினால் தீ மறுபடி பற்றும், பிறகு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் இருமல், காய்ச்சல் கூடாது. முக்கியமாக டிபி இருக்கிறவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது, இந்த ஊசி போடுகிற உடம்பு அதைத் தாங்காது என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

3

ஊருக்கு என்ன சொல்வது? எங்கள் வீட்டில் ஆபரேஷனைவிடப் பெரிய விவாதம் அதுதான்.

"குடல் வியாதின்னு சொன்னா முடிஞ்சுது" என்றாள் கிரேஸ். "கொஞ்ச நாளைக்கு மலம் போக வயித்துல பை மாட்ட வேண்டியிருக்கலாம்னு வேற சொல்லுதாவ. பாளையங்கோட்டைல இருந்து அந்தச் சம்பந்தம் இப்பதான் கேட்டு விட்டிருக்காவ. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?"

அவள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தாய்க்கு அந்தப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். எனக்கும் அதே பயம்தான், சொல்லாமல் வைத்திருந்தேன். கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். அப்பெண்டிக்ஸ், அதாவது குடல்வால். யாருக்கும் வரும், எடுத்துவிட்டால் முடிந்தது, சம்பந்தம் பேசுகிறவர்கள் அதைப் பற்றி மறுகேள்வி கேட்க மாட்டார்கள். கணக்கு டீச்சர் அல்லவா, விடை சுத்தமாக வந்தது.

பிளெஸ்ஸியிடம் சொன்னபோது அவள் தோளைக் குலுக்கினாள். "உங்க ஊரு, உங்க பொய்" என்றாள் இந்தியில்.

ஊரில் இருக்கிற என் அக்கா எஸ்தருக்குப் போன் செய்து சொன்னேன். அக்காவின் மகன் துபாயில், அத்தான் காலமாகிவிட்டார், அக்காவுக்குச் சபையும் ஜெபமும்தான் உலகம். "அப்பெண்டிக்ஸா? அட, அதுக்கு என்னல இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுப் பேசுத? நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றால் ஜெபத்தில் என்று நினைத்தேன். பத்தாம் நாள் நிஜாமுதீன் ஸ்டேஷனில் கருப்பட்டி நிரப்பிய ஓலைக் கொட்டானோடு இறங்கினாள்.

4

இறங்கும்போதே இருமினாள்.

நவம்பர் மாதம். டெல்லியில் காற்றே கண்ணுக்குத் தெரிகிற மாதம். பால்காரன் இருமுகிறான், பஸ் டிரைவர் இருமுகிறான், எதிர்வீட்டு நாய் இருமுகிறது. புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தாடையில் போட்டுக்கொண்டு பிளெஸ்ஸியின் படுக்கையறையில் பெட்டியை வைத்தாள். அத்தை வந்தால் மருமகளோடு படுப்பதுதானே வழக்கம்!

கிரேஸ் சமையலறையில் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, மைனி இருமுதாவ. டாக்டர் என்ன சொன்னாவ? நீங்க சொல்லுங்க."

"நீ சொல்லு."

"நான் எப்படிச் சொல்லுவேன்? உங்க அக்கா. ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து வந்தவங்கள இருமாம இரு, இல்லன்னா வெளிய போன்னா சொல்ல முடியும்?"

என்னாலும் முடியவில்லை. அக்கா முகத்தைப் பார்த்து எதிர்த்து ஒரு சொல் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. பென்ஷன் வாங்கப் போகிற வயதிலும் இல்லை. உண்மையைச் சொன்னால்தான் இருமலைப் பற்றிக் கேட்க முடியும். அப்பெண்டிக்ஸுக்கு இருமினால் என்ன? பொய் எங்கள் வாயைக் கட்டிப் போட்டுவிட்டது. நானும் கிரேஸும் ஜன்னலைத் திறந்து வைப்பதும், அக்கா குளிருகிறது என்று மூடுவதுமாக முதல் நாள் சாயங்காலம் போயிற்று.

பிளெஸ்ஸி ஆபீஸிலிருந்து வந்தாள். வாசலிலேயே நின்று கேட்டாள்.

"அத்தை, உங்களுக்கு இந்த காசி எவ்ளோ நாளா இருக்கு?"

காசிக்கெல்லாம் நான் எங்க போனேன் என்று அக்கா விழித்தாள். பிளெஸ்ஸி தொண்டையைத் தொட்டு இருமிக் காட்டினாள்.

"இதா? கோடைல இருந்தே இருக்கு மக்கா. கசாயம் வச்சுக் குடிச்சேன், போகல. அதுக்கென்ன?"

கோடையிலிருந்து! கிரேஸ் கையிலிருந்த டம்ளரை மேஜையில் வைத்தாள். பிளெஸ்ஸி மெதுவாக, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "அத்தை, எனக்கு அப்பெண்டிக்ஸ் இல்ல. வேற வியாதி. நான் ஒரு ஊசி போடறேன். அது போட்டா டிபி சீக்கிரம் வரும். மத்லப், யாருக்காவது இருந்தா எனக்கு ஒட்டும். நீங்க டெஸ்ட் பண்ணணும். அதுவரைக்கும் நம்ம ஒரே ரூம்ல இருக்க முடியாது. சாரி."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேலண்டரைப் பார்த்தேன். அவள் படுக்கையறைக்குள் போய்ப் பெட்டியை மூட ஆரம்பித்தாள். பின்னாலேயே போய், "அக்கா, கோவிச்சுக்கிடாத" என்றேன்.

"கோவமா? ஏல கிறுக்கா, பிள்ளைக்கு ஒட்டிரும்னு சொல்லுதா, நான் இங்க என்ன செய்ய? ராத்திரி ரயிலு எத்தன மணிக்கு? டிக்கெட் இல்லாட்டா ஸ்டேஷன்லயே இருந்துக்கிடுதேன்." பெட்டியின் பூட்டு அவள் கைக்கு அடங்கவில்லை. மாஸ்க்கை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். "இம்புட்டு நேரமும் அவ தலகாணியிலல்லா சாஞ்சிட்டுக் கிடந்தேன். உறைய வெந்நீர்ல போடச் சொல்லு."

நான் அழுதேன். எழுதுவதில் வெட்கமில்லை.

5

அவளைப் போகவிடவில்லை. ஹால் அக்காவுக்கு, ஜன்னல் திறந்தபடி, இரண்டு ரஜாய்ப் போர்வையோடு. உள் அறை பிளெஸ்ஸிக்கும் கிரேஸுக்கும், கதவு சாத்தி. நான் சமையலறையில், தோசை மாவோடு. மறுநாள் காலையில் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தோம், சளி கொடுத்தோம். முடிவு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஆபரேஷன் டாக்டர் அது வரும் வரைக்கும் தேதியை உறுதி சொல்ல முடியாது என்றார். பிளெஸ்ஸிக்கு அடிவயிறு இழுத்துப் பிடிக்கத் தொடங்கியிருந்தது, சத்துமாவுக் கரைசலைப் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை. அணைந்த தீ பற்றுவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். எல்லாம் அக்காவின் சளியில் வந்து நின்றது.

அன்று சாயங்காலம் பிளெஸ்ஸி உள் அறையிலிருந்து ஹாலுக்கு வீடியோ கால் போட்டாள். நடுவில் ஒரு கதவுதான். பிறந்ததிலிருந்து அத்தையும் மருமகளும் போனில்தான் பேசியிருக்கிறார்கள். இத்தனை தூரம் வந்தும் போனில்தான் பேச வேண்டியிருந்தது. ஆனால் முன்பெல்லாம் "சாப்பிட்டியா? ஆங்." என்பதோடு முடிந்துவிடும். இப்போது பிளெஸ்ஸி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தமிழ் போதாத இடத்தில் இந்தி, இந்தி புரியாத இடத்தில் கையால் வயிற்றில் வரைந்து காட்டினாள். பேதி, ரத்தம், மெட்ரோவில் பாதி வழியில் இறங்கி கழிவறை தேடி ஓடியது, பை வரலாம் என்று சொன்ன நாள் அழுதது. இதில் பாதி எனக்கே புதிது.

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு தலையில் கை வைத்தாள்.

"ஏ மக்கா, நான் இப்ப என்ன செய்வேன்? ஞாயித்துக்கிழம ஆராதனைல ஐயரு உன் பேரச் சொல்லி வாசிச்சாவ. வெள்ளிக்கிழம பொம்பளைய எல்லாரும் உபவாசம் இருந்தோம். ஊரே ஒன்னோட குடல்வாலுக்குல்லா ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கு!"

எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். சபை நடுவில் ஐயர் வியாதியின் பெயரையும் சேர்த்து வாசிப்பது எங்கள் வழக்கம். பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும், சும்மா சுகம் கொடும் என்றால் எங்கள் ஆட்களுக்குத் திருப்தி வராது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பிளெஸ்ஸி சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். "அப்போ என் அப்பெண்டிக்ஸ் ரொம்ப நல்லா இருக்கும் அத்தை!" அக்காவும் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். அந்த வீட்டில் பல மாதமாகச் சிரிப்புச் சத்தமே கிடையாது.

சிரித்து முடித்துவிட்டு பிளெஸ்ஸி சொன்னாள், "நான் அவங்களுக்குச் சொல்றேன்."

"என்ன சொல்லப் போற?" கிரேஸ் எழுந்துவிட்டாள். "சபை குரூப்லயா? பாளையங்கோட்டைல தெரியாதா?"

"தெரியட்டும் அம்மா. பை வந்தா அதையும் மறைப்பீங்களா? எத்தனை டிரெஸ்ஸுக்குள்ள மறைப்பீங்க?"

கிரேஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் தடுக்கவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிளெஸ்ஸி குரல் செய்தியாகப் பேசி அத்தையின் போனுக்கு அனுப்ப, அத்தை குரூப்பில் போட்டாள். அந்தக் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் பிளெஸ்ஸி, டெல்லி. எனக்கு அப்பெண்டிக்ஸ் இல்ல. க்ரோன்ஸ்னு ஒரு வியாதி. என் குடல் புண்ணாகி சின்னதா ஆயிடுச்சு. அந்தப் பீஸ் எடுப்பாங்க. கொஞ்ச நாள் வெளிய பை இருக்கலாம், அதுல மோஷன் வரும். இது யாருக்கும் ஒட்டாது. எனக்குப் பயமா இருக்கு. என் தமிழ் நல்லா இல்ல, அதுக்கு சாரி."

6

அக்காவின் சளியில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் அவள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டு, கைப்பையிலிருந்து அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். கோடையில் பிரஷருக்கு ஒரு புது மாத்திரை ஆரம்பித்திருக்கிறாள். சிலருக்கு அதனாலேயே வறட்டு இருமல் வருமாம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

தேதி உறுதியானது. ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "ஏக் ஹீ ஜாயேகா" என்றார். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள். ஊராயிருந்தால் வராந்தா முழுக்க எங்கள் ஆட்கள் பாய் விரித்திருப்பார்கள். பிளெஸ்ஸி யாரைக் கூப்பிடுவாள் என்று மூன்று பேரும் பார்த்தோம். அவள் கிரேஸின் கையைப் பிடித்தாள். குரல் செய்தி போனதிலிருந்து மகளோடு பேசாமல் இருந்தவள், பாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அழுதுகொண்டே உள்ளே போனாள்.

நானும் அக்காவும் வெளியே நடைபாதையில் உட்கார்ந்தோம். அக்காவின் போன் ஓயவில்லை. சபைப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர். "ஆமா, சிறுகுடலு. கடைசில. ஆமா, வலது பக்கம். குடல்வால் இல்ல, அத விட்டுருங்க" என்று அக்கா இடத்தைத் திருத்திக்கொண்டே இருந்தாள்.

வெட்டியது பயந்த அளவு நீளமில்லை. ஊசி தீயை அணைத்து வைத்திருந்தது என்றார் டாக்டர். பை வந்தது, சில மாதம் இருந்தது, பிறகு இன்னொரு சின்ன ஆபரேஷனில் போயிற்று. நோய் திரும்பி வராமலிருக்க ஊசி தொடர்கிறது. நடுத்தட்டு இன்னும் அதற்குத்தான். காலிப் பெட்டிகளை இப்போது பீரோவில் பூட்டி வைக்கிறோம்.

பாளையங்கோட்டைச் சம்பந்தம் பிறகு பேசவே இல்லை. கிரேஸ் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வேறொரு போன் வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் ஒரு அம்மா. அந்தக் குரல் செய்தி எத்தனையோ கைமாறி அவரிடம் போயிருக்கிறது. அவர் மகளுக்கும் இதே நோய், வெளியே யாருக்கும் தெரியாது. டெல்லிப் பிள்ளையோடு ஒரு தடவை பேச முடியுமா என்று கேட்டார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பேசுகிறாள்.

இந்தச் சனிக்கிழமை பாதி சாத்திய கதவு வழியாக நான் கேட்டது இதுதான். அந்த மகளுக்கு ஊசி ஆரம்பிக்கப் போகிறார்களாம், பிறகு ஆபரேஷனும் வருமாம். ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் தணிந்து வந்தது. "ஊருல எல்லாருட்டயும் அல்சர்னு சொல்லி வச்சிருக்கேன் பாத்துக்கம்மா. அப்படியே சொல்லிச் சமாளிச்சிரலாம்லா?"

பிளெஸ்ஸி சொன்னாள்:

"வேண்டாம் ஆன்ட்டி. எல்லாரும் தப்பான இடத்துக்கு ஜெபம் பண்ணுவாங்க."